காகிதத் தோரணமும் தொங்கும் நட்சத்திரமும்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நாங்கள் சின்னதாக ஒரு ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறோம். மார்கழி பிறந்தால் போதும், கலர் பேப்பர் கேட்டு ஆள் வர ஆரம்பித்துவிடும். முதலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட எலத்தகிரி பக்கத்துப் பிள்ளைகள், அப்புறம் பள்ளிக்கூடத்துப் பொங்கல் விழாவுக்காக டீச்சர்கள், கடைசியில் போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவசர அவசரமாக வீட்டுக்காரர்கள். வாங்கும்போது எல்லோரும் பேப்பரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வீட்டுக்குப் போனபிறகு சிக்கல் வருவதோ நூலில். வெட்டி ஒட்டுவது பாதி வேலைதான், தொங்க விடுவதுதான் மீதிப் பாதி. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, நான் இதுவரைக்கும் ஒண்ணுமே செஞ்சதில்லை. எதுல ஆரம்பிக்கலாம்?

காகிதச் சங்கிலியில் ஆரம்பியுங்கள். ஏ4 தாளை அகலவாக்கில் 3 செ.மீ. பட்டைகளாக வெட்டினால் ஒரு தாளில் 21 செ.மீ. நீளப் பட்டை ஒன்பது கிடைக்கும். ஒன்றை வளையமாக்கி, முனைகள் ஒரு செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வருமாறு ஒட்டுங்கள். அடுத்த பட்டையை அதற்குள் நுழைத்து ஒட்டுங்கள். அவ்வளவுதான்.

பத்தடி அகலக் கூடத்துக்கு, அதாவது சுமார் 3 மீட்டருக்கு, ஆறு தாள் வாங்கினால் போதும். அதில் 54 வளையம் வரும். ஒரு வளையத்துக்குச் சுமார் 6 செ.மீ. என்று கணக்கு வைத்தால் கொஞ்சம் தொங்கலும் விட்டுக் கட்ட நீளம் சரியாக இருக்கும். முதல் சங்கிலிக்கு இரண்டு கலருக்கு மேல் வேண்டாம். மஞ்சளும் பச்சையும் பொங்கலுக்குப் பொருத்தமாக இருக்கும். ஏழு கலர் வாங்கிக்கொண்டு போனவர்கள் வரிசை குழம்பிப் பாதியில் நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பேப்பர் வாங்கணும்? இத்தனை வகை தொங்குதே?

என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சங்கிலிக்கும் முக்கோணக் கொடிக்கும் சாதாரண கலர் ஏ4 தாளே நல்லது. எடை குறைவு, இரண்டு பக்கமும் ஒரே கலர். 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் கனமுள்ள ஏ4 தாள் ஒன்று கிட்டத்தட்ட 5 கிராம்தான் இருக்கும். மேலே சொன்ன ஆறு தாள் சங்கிலி முழுவதும் 30 கிராமுக்குள் அடங்கிவிடும். சார்ட் விறைப்பாக நிற்கும், இலை, மீன், கரும்பு என்று உருவம் வெட்ட அதுதான் வேண்டும். ஆனால் எடை கூடும்.

காத்தாடி பேப்பர் மெல்லியது. வெளிச்சம் அதன் ஊடே வருவதால் நட்சத்திரத்துக்கு அதை விட்டால் வேறில்லை. கிரேப் பேப்பரை இழுத்தால் நீளும். இரண்டு கலரை ஒன்றாக முறுக்கி, மூலைக்கு மூலை கட்டினால் ஐந்தே நிமிடத்தில் கூடம் மாறிவிடும். அதை வீட்டுக்குள் மட்டும் கட்டுங்கள், காரணம் பனி பற்றிய கேள்வியில் இருக்கிறது. ஜிகினா பேப்பர் மின்னும், ஆனால் பெரும்பாலும் அதன்மேல் பிளாஸ்டிக் படலம் இருக்கும். அது மட்கவும் மட்காது, மடிப்பும் நிற்காது. நான் அதைக் கொஞ்சமாகத்தான் வாங்கி வைக்கிறேன்.

எல்லாவற்றையும் விட, போன வருடத்து நோட்டுப்புத்தக அட்டை, பழைய காலண்டர் தாள் இரண்டையும் முதலில் பாருங்கள். காலண்டர் தாள் வழுவழுப்பாக, நல்ல கனமாக இருக்கும். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் பிள்ளைகள் வர்ணம் தீட்டிக்கொள்ளலாம்.

ஃபெவிகால்தான் வேணுமா, மைதா பசை போதுமா?

வீட்டுக்குள் கட்ட மைதா பசையே போதும். இரண்டு ஸ்பூன் மைதாவைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். இன்னொரு முக்கால் டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கரைத்ததை அதில் ஊற்றிச் சின்னத் தீயில் கிண்டுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் இறுகும், அதனால் தோசை மாவுப் பதத்திலேயே இறக்குங்கள். பசையை அள்ளிப் பூசக் கூடாது. மெல்லிய தாள் ஈரத்தில் ஊறிச் சுருங்குவது அதனால்தான்.

பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கிற பசையில் அது வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்கு வேண்டியதைக் காய்ச்சி அன்றே தீர்த்துவிடுங்கள். வாசல், திண்ணை மாதிரி ஈரம் படுகிற இடத்துக்கு மட்டும் ஃபெவிகால் வாங்கினால் போதும்.

நூல் எதுவா இருந்தா என்ன?

இந்தக் கேள்வியை யாராவது பேப்பர் வாங்கும்போதே கேட்டால் எனக்குச் சந்தோஷம். குறுக்கே கட்டுகிற பெரிய நூலுக்குச் சணலோ பருத்திக் கயிறோ எடுங்கள். முடிச்சு வழுக்காது, பேப்பரும் நகராது. நைலான் வழுக்கும். எவ்வளவு சீராகக் கோர்த்தாலும் எல்லாக் கொடியும் ராத்திரிக்குள் நடுவில் வந்து கும்பலாகிவிடும். நைலான்தான் கையில் இருக்கிறது என்றால் ஒவ்வொரு கொடியையும் நூலோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள்.

மேலிருந்து கீழே ஒற்றையாகத் தொங்குவதற்குத் தையல் நூல் போதும். நூலே தெரியக் கூடாது என்றால் தூண்டில் நரம்பு.

நட்சத்திரம் சுத்திக்கிட்டே இருக்குக்கா, முன்பக்கமே தெரிய மாட்டேங்குது. என்ன பண்றது?

தையல் நூல் முறுக்கேறியது. எடை தொங்கியதும் முறுக்கு அவிழும், பிறகு எதிர்ப்பக்கம் சுற்றும். இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நூலை வெட்டி ஒரு சாவியைக் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்க விடுங்கள், முறுக்கு தணிந்துவிடும். இரண்டாவது, ஒரே புள்ளியில் கட்டாமல் இரண்டு முனைகளில் இரண்டு நூல் கட்டி, மேலேயும் நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். அப்புறம் அது அசையுமே தவிர சுற்றாது.

தோரணத்தை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுவுல தொங்குது. அறுந்தும் போகுது.

இழுத்துக் கட்டுவதால்தான் அறுகிறது. எடை தாங்குகிற நூல் எதுவும் நேர்கோடாக நிற்காது. தொங்கலைப் பாதியாகக் குறைத்தால் நூலில் வரும் இழுவை இரண்டு மடங்காகும். கால் பங்காகக் குறைத்தால் நாலு மடங்கு. அந்த இழுவையெல்லாம் ஆணியிலும் முடிச்சிலும் போய் விழும். முதலில் அங்கேதான் பிய்த்துக்கொள்ளும்.

அகலத்தில் பத்தில் ஒரு பங்கு தொங்கல் விடுங்கள். 3 மீட்டருக்கு 30 செ.மீ. தொங்கட்டும், பார்க்கவும் அழகு. அதற்கு நூல் நிறைய வேண்டும் என்று நினைக்கிறார்கள், இல்லை. 3 மீட்டரோடு வெறும் 8 செ.மீ. சேர்த்தால் போதும், முடிச்சுக்கு மட்டும் தனியாக விட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விட்டால் நிலைப்படி உயரத்தில் தலையில் இடிக்கும்.

விசிறி மடிப்புல வட்டப் பூ செஞ்சேன். முழு வட்டமே வரல, ஒரு பக்கம் வாய் பிளந்து நிக்குது.

ஒரே ஏ4 தாளில் செய்திருப்பீர்கள். தாளை முன்னும் பின்னும் ஒன்றரை செ.மீ. மடிப்பாக மடித்து, 21 செ.மீ. நீளக் கட்டையாக்கி நடுவில் நூல் கட்டி இரண்டு பக்கமும் விரிக்கிறோம். விரிந்தால் ஒவ்வொரு பக்கமும் அரை வட்டம் ஆக வேண்டும். அந்த அரை வட்டத்தின் விளிம்பு மட்டும் 33 செ.மீ. வரும். தாளின் நீளமோ மடிப்பே இல்லாமல் விரித்தாலும் 29.7 செ.மீ. தான். எப்படி எட்டும்?

இரண்டு தாளை மடிப்பதற்கு முன்பே நீளவாக்கில் ஒட்டிக்கொள்ளுங்கள், வட்டம் மூடிவிடும், மடிப்பும் ஆழமாக நிற்கும். கட்டுவதற்கு முன்னால் இரண்டு முனைகளையும் கூராகவோ வளைவாகவோ வெட்டிவிட்டால் விரிக்கும்போது சாமந்தி மாதிரி இதழ் இதழாக வரும்.

மாவிலைத் தோரணம் மாதிரியே பேப்பர்ல வருமா?

வரும், நன்றாகவே வரும். நம் பக்கம் இது தேவையும்கூட. தை மாதம் மாமரம் பூவெடுக்கிற நேரம். தோப்பு வைத்திருப்பவர்கள் கிளையை ஒடிக்க விடமாட்டார்கள், அது நியாயம்தான்.

பச்சைச் சார்ட்டில் 20 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் பட்டை வெட்டி நீளவாக்கில் மடியுங்கள். மடிப்பை விட்டுவிட்டு, திறந்த பக்கத்தை இலையின் பாதி வளைவாக வெட்டுங்கள். மேலே 2 செ.மீ. காம்பு விடுங்கள். பிரித்தால் நடுநரம்போடு இலை கையில் இருக்கும். மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு பக்கமும் சாய்வாக அழுத்திக் கோடு போடுங்கள். தாள் கிழியாது, பள்ளம் மட்டும் விழும். அந்தக் கோட்டில் வெளிச்சம் படும்போது தூரத்திலிருந்து பார்த்தால் நிஜ இலையேதான். காம்பைச் சணல்மேல் மடக்கி ஒட்டுங்கள். இலைக்கு இலை நீளத்தைக் கொஞ்சம் மாற்றி வெட்டினால் இன்னும் உயிர் வரும்.

என்னைக் கேட்டால் தலைவாசலில் நிஜ மாவிலை நாலாவது இருக்கட்டும். போகியன்று வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வைத்துக் காப்புக் கட்டுவதற்குக் காகிதத்தை மாற்றாக வைக்க எனக்கு மனம் வராது. காகித இலை கூடத்துக்கும் நடைக்கும். மார்ச், ஏப்ரலில் ஓசூர் பக்கத்துத் தெலுங்கு, கன்னடக் குடும்பங்கள் யுகாதிக்கு இதே தோரணத்தை எடுத்துத் திரும்பக் கட்டுவதும் உண்டு.

மூங்கில் நட்சத்திரம் வீட்டுல கட்ட முடியுமா? எங்க தாத்தா கட்டுவாராம்.

கோவிலூர், எலத்தகிரி மாதிரி ஊர்களில் தாத்தாக்கள் கட்டியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்களும் கட்டலாம். ஒரே அளவில் பத்து மூங்கில் சிம்பு, அதாவது மெலிதாகப் பிளந்த குச்சி, வேண்டும். வீட்டுக்கு 60 செ.மீ. போதும். ஐந்து சிம்பை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்து முனைகளைக் கட்டினால் ஐந்து முனை நட்சத்திரம். இன்னொரு ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் பொருத்தி ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது நடுவில் சிம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்கள் இருக்கும். அந்த ஒவ்வொரு இடத்திலும் முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் இடையில் 12 செ.மீ. குச்சியை முட்டுக் கொடுத்தால் நட்சத்திரம் வயிறு உப்பி நிற்கும்.

காத்தாடி பேப்பரை ஒவ்வொரு முக்கோணமாக வெட்டி ஒட்டுங்கள். ஒரே தாளாகப் போர்த்தினால் மடிப்பு விழும். பின்னால் ஒரு பக்கம் ஒட்டாமல் விடுங்கள், பல்பு அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

உள்ளே என்ன பல்பு போடலாம்? பேப்பர் பத்திக்காதா?

பழைய குண்டு பல்பு கூடாது. அது வெளிச்சத்தை விடச் சூட்டைத்தான் அதிகம் தரும். மெழுகுவர்த்தியை நினைக்கவே வேண்டாம். 5 வாட்டுக்குள் எல்இடி பல்பு போடுங்கள். பல்பு எங்கேயும் பேப்பரைத் தொடக் கூடாது. தனி ஒயரில் ஹோல்டரைக் கட்டி, அந்த ஒயரை மேல் முனையில் மூங்கிலோடு இறுக்கிக் கட்டுங்கள். நட்சத்திரத்தின் எடையைச் சணல் தாங்கட்டும், ஒயர் தாங்கக் கூடாது. சீரியல் செட்டைக் காகிதச் சங்கிலிமேல் சுற்றுவதாக இருந்தால் முதலில் ஒயரில் தோல் உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், பிளக்கில் செருகுவதற்கு முன்னால். தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

காலையில எழுந்து பார்த்தா வாசல் தோரணம் நொந்து தொங்குது. மழையும் இல்லையே?

பனி. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை விடியற்காலையில் எல்லாமே நனைந்திருக்கும். கிருஷ்ணகிரியிலும் சில நாள் அப்படித்தான். காகிதம் ஈரத்தை இழுத்துத் துவண்டுவிடும், மைதா பசையும் இளகிவிடும். தாழ்வாரத்துக்கு உள்பக்கமாக ஒரு முழம் தள்ளிக் கட்டினாலே பாதி தப்பிக்கலாம். சார்ட்டில் செய்ததென்றால் வெள்ளை மெழுகுவர்த்தியை இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்துவிடுங்கள், ஈரம் சட்டென்று ஏறாது. ஒட்டிய பிறகு தேய்க்க வேண்டும். மெழுகின்மேல் பசை பிடிக்காது.

கிரேப் பேப்பரின் சாயம் தண்ணீர் பட்டால் ஓடும். ஒரு வருடம் வெள்ளையடித்த திண்ணைச் சுவர் ஓரமாகச் சிவப்புக் கிரேப் கட்டினேன். இரண்டு நாள் பனியில் சுவரெல்லாம் சிவப்பு ஒழுகிக் கோடு கோடாக இறங்கிவிட்டது. பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு பொங்கலுக்கு முன்னாலேயே வீணாகிப் போனது. அதனால்தான் கிரேப் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் எங்கே கட்டப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டே கொடுக்கிறேன்.

வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாதுங்கறாங்க. ஃபேன்ல கட்டிக்கலாமா?

ஃபேனில் வேண்டாம். யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால் தோரணத்தோடு கயிறும் சுற்றி மோட்டார் நின்றுவிடும். ஃபேன் இறக்கை சுற்றுகிற இடத்திலிருந்து இரண்டடியாவது தள்ளியே எதையும் தொங்க விடுங்கள்.

ஜன்னல் கம்பி, திரைச்சீலைக் கம்பி, பரண் ஓரம், கதவுத் தாழ்ப்பாள் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தால் கட்டுவதற்கு நிறைய இடம் இருக்கும். காகிதத்துக்கு எடையே கிடையாது என்று முன்பே கணக்குப் போட்டோம், ஒட்டும் கொக்கியே தாங்கும். ஓட்டு வீடு என்றால் உங்களுக்குக் கவலையே இல்லை, சட்டத்தில் சுற்றிக் கட்டிவிடலாம்.

ஒரு குச்சியில ரெண்டு மூணு உருவம் தொங்க விட்டா ஒரு பக்கமே சாயுது.

எடைக்கு ஏற்ற இடத்தில் நூல் கட்டவில்லை. 30 செ.மீ. குச்சியின் ஒரு முனையில் 5 கிராம், மறு முனையில் அதில் பாதி எடை என்றால், தூக்கும் நூலைக் கனமான பக்கத்திலிருந்து 10 செ.மீ. தூரத்தில் கட்ட வேண்டும். எடை இரண்டு மடங்கு என்றால் தூரம் பாதி, தராசுக் கணக்குதான். அளந்துகூடப் பார்க்க வேண்டாம். குச்சியை ஒரு விரல்மேல் வைத்து நகர்த்துங்கள், அது சாயாமல் நிற்கிற இடமே கட்டும் இடம்.

அடுக்கடுக்காகச் செய்கிறீர்களானால் கீழ்க்குச்சியை முதலில் முடியுங்கள். அது நிலையாக நின்றபிறகு, அதை மொத்தமாக ஒரே எடை என்று நினைத்து மேல்குச்சியில் கட்டுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் எல்லா முடிச்சையும் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

தெர்மாகோல் பூ, பிளாஸ்டிக் கொடி இருக்கா? அதான் பல வருஷம் வருது.

எங்களிடம் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் கொடியும் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் வந்த தடையில் அலங்காரத்துக்கான தெர்மாகோலும் பலூன் குச்சியும் சேர்ந்துவிட்டன. பல வருடம் வர வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை என்றால், கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 15க்குச் சின்னச் சின்னத் தேசியக் கொடியா வெட்டித் தோரணம் கட்டலாமா?

கூடாது. இந்தியக் கொடி விதித் தொகுப்பு 2002, தேசியக் கொடியைத் தோரணமாகவோ வேறு எந்த அலங்காரமாகவோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. காகிதக் கொடியைக் கையில் பிடித்து அசைக்கலாம். ஆனால் விழா முடிந்ததும் தரையில் போட்டுவிட்டு வரக் கூடாது.

ஆசிரியர்கள் இதைக் கேட்டதும் திகைத்துப் போகிறார்கள். காவி ஒரு கொடி, வெள்ளை ஒரு கொடி, பச்சை ஒரு கொடி என்று தனித்தனி முக்கோணமாக, சக்கரம் இல்லாமல் கோர்த்துவிடுங்கள். அது தேசியக் கொடி ஆகாது. முதல் கேள்வியில் சொன்ன சங்கிலியையே இந்த மூன்று கலரில் செய்தாலும் பள்ளிக்கூடம் நிறைந்துவிடும்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல கட்ட ஜிகினா மாலை செய்றோம். ஸ்டேப்ளர் அடிச்சா சீக்கிரம் முடியுமே?

தயவுசெய்து ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். குண்டூசி, கட்டுக் கம்பி எதுவும் வேண்டாம். மாடு தீனியை மென்று பார்த்துத் தின்பதில்லை, நாக்கால் வளைத்து அப்படியே விழுங்கிப் பிறகுதான் அசைபோடுகிறது. கொம்பிலிருந்து மாலை நழுவித் தொட்டியில் விழுந்தால் காகிதத்தோடு ஸ்டேப்ளர் பின்னும் உள்ளே போய்விடும். அப்படிப் போன கம்பி இரண்டாவது வயிற்றில் தங்கும். அங்கே சுவரைக் குத்தினால் அதற்கு நேர் முன்னால் இருப்பது இதயம். மாடு தீனி எடுக்காமல், முதுகைக் குறுக்கி நிற்கும். காரணம் வெளியே தெரியாமலே போய்விடும்.

ஜிகினாவும் இங்கே ஆகாது, பிளாஸ்டிக் படலம் வயிற்றில் செரிக்காது. பூ மாலை, சலங்கை, பருத்திக் கயிறு இவை போதும். காகிதம் கட்டியே தீர வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் தொழுவத்தின் விட்டத்தில், மாட்டின் வாய் எட்டாத உயரத்தில், மைதா பசையால் ஒட்டிய சங்கிலி கட்டுங்கள். எருது விடும் விழாவுக்கு ஓட்டிப் போகிற காளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஓடும்போது எது எங்கே அறுந்து விழும் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் அவிழ்க்கும்போது எத்தனை கட்டினீர்களோ அத்தனையும் கைக்கு வந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

பண்டிகை முடிஞ்சதும் எடுத்து வைக்கலாமா, இல்லை அடுத்த போகிக்கு எரிச்சிடலாமா?

எரிக்க வேண்டாம். சாயமும் ஜிகினாவும் எரிந்தால் வரும் புகை பிள்ளைகளின் மூச்சுக்கு நல்லதில்லை. கிழிந்த வெறும் காகிதத்தைப் பழைய பேப்பரோடு போடலாம்.

எடுத்து வைப்பதாக இருந்தால், காணும் பொங்கல் முடிந்த வாரத்திலேயே வெயில் ஏறியபிறகு அவிழுங்கள். பனி ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும். சங்கிலியைச் சுருட்டாமல் காலி அரிசிப் பையில் வளையம் வளையமாக இறக்குங்கள். கொடித் தோரணத்தை ஓர் அட்டைமேல் நூல்கண்டு மாதிரி சுற்றுங்கள், சிக்கல் விழாது. மைதா பசைக்குக் கரப்பானும் எலியும் வரும். அதனால் மூடியுள்ள தகர டப்பாவில் நாலு காய்ந்த வேப்பிலையோடு வைத்து, பரணில் ஏற்றுங்கள். டப்பாமேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, "கூடம், 54 வளையம், ஜன்னலிலிருந்து பரண் வரை" என்று எழுதிவிடுங்கள்.